எண்ணாத ஆடுகளும் ஒரு விசாவும்

விளாத்திகுளத்துக்கு வடக்கே ஆடு மேய்க்கும் கோபாலசாமியிடம் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. "ஆடு எத்தனை?" என்று கேட்டால் மட்டும், "கொஞ்சம் கெடக்கு" என்பார். எண்ணிச் சொன்னால் பட்டி குறையும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதை நம்புகிறீரா என்றால், இல்லை என்பார். ஆனால் எண்ணவும் மாட்டார். சாயங்காலம் பட்டி வாசலில் நிற்கும்போது எந்த ஆடு வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். எத்தனை வந்தது என்பதுதான் தெரியாது.

மகள் உமாதேவி ஆஸ்திரேலியாவில் நர்ஸ். தலைப்பிரசவத்துக்கு அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று போனில் அழுதாள். மனைவி ரெங்கம்மாள் அன்றைக்கே சுக்கு இடிக்க உட்கார்ந்துவிட்டாள். கோபாலசாமிக்கு மகள்மேல் ஆசை. கூடவே இன்னொரு ஆசை. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தர் ஒற்றை நாயை வைத்துக்கொண்டு மலை நிறையச் செம்மறி மேய்க்கிறாராம். கம்பளி கத்தரிக்கிறாராம். இவருடைய வேம்பூர் இனச் செம்மறிகளில் கத்தரிக்க ஏது கம்பளி?

கோவில்பட்டியில் விசா எடுத்துக்கொடுக்கும் சுகுணா விளக்கினாள். "பாத்துட்டு வார விசாவுலயே மூணு வழி இருக்கு அண்ணாச்சி. ஊரையோ உறவையோ பாக்கப் போறது ஒண்ணு. மக ஜாமீன் நின்னு கூப்பிடுறது ஒண்ணு. வியாபார விசயமாப் போறது ஒண்ணு."

"ஆடு பாக்கணும்னா வியாபாரத்துல போடணுமோ?"

"வாங்கப் போறீங்களா?"

"சும்மா பாக்கத்தான்."

"அதுக்கு மொத வழியே போதும். ஆனா அங்கன வேலை செய்யக் கூடாது."

"கூலி வேண்டாம் தாயி. ஒரே ஒரு ஆட்டுக்குக் கத்தரிச்சுப் பாத்தா?"

"கத்தரிக்கோலையே தொட்டுராதீங்க."

ரெங்கம்மாள், "அந்த ஜாமீன் வழி எப்படிம்மா?" என்றாள்.

"நீங்க ஊருக்குத் திரும்பிருவீங்கன்னு மக பொறுப்பு ஏத்துக்கணும்."

கோபாலசாமிக்குச் சுருக்கென்றது. "பொண்ணு குடுத்த வீட்டுல போயி, எங்களுக்கு ஜாமீன் நில்லுங்கன்னு கேக்கவா? நம்ம பொறுப்புல நாமளே போவோம்."

"அப்ப, திரும்பி வாரதுக்கு இங்கன என்ன இருக்குன்னு நீங்கதான் காட்டணும். நெலம்?"

"கொஞ்சம் கரிசக்காடு."

"ஆடு?"

"கொஞ்சம் கெடக்கு."

சுகுணா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "இப்படிப் போட்டா, ஊர்ல ஒண்ணுமில்லாத மனுசன், அங்கனயே தங்கிருவாருன்னுதான் நெனைப்பாவ. பேரப்பிள்ளைய நீங்க போன்லதான் பாக்கணும்."

ஊர்க் கண்ணுக்குப் பயந்து ஆயுசு முழுக்க இல்லாதவர்போல் பேசிப் பழகிய மனிதர். இப்போது கண் காணாத ஒரு அரசாங்கம், இருப்பதைச் சொன்னால்தான் உள்ளே விடுமாம். ரெங்கம்மாள் அவரைப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "நீயே வந்து எண்ணிக்கோ தாயி."

ஞாயிற்றுக்கிழமை காலையில், கரிசல் சேறு அப்பிய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு சுகுணா வந்து சேர்ந்தாள். கோபாலசாமி பட்டியைத் திறந்துவிட்டு, வேலிக்கருவையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எண்ணிக்கை காதில் விழுந்துவிடக் கூடாதே என்று விடாமல் இருமினார். ஆடுகள் போய் முடிந்ததும் ரெங்கம்மாள் சுகுணாவை ஒட்டி வந்து கேட்டாள்: "எத்தனை வந்துச்சு?"

சுகுணா மெதுவாகச் சொன்னாள்.

"குட்டி ரெண்ட விட்டுட்டியேம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் எண்ணுதேன்லா. இவியட்ட சொல்லிராத."

அந்தக் கணக்கோடு கால்நடை டாக்டரின் சான்று, பட்டா நகல், இருமும்போது எடுத்த ஒரு போட்டோ எல்லாம் போயின. விசா வந்தது. தம்பி சுடலைமணியிடம் பட்டியை ஒப்படைத்துவிட்டு இருவரும் விமானம் ஏறினார்கள். அதன் பிறகு பட்டி குறைந்ததா என்றால், இரண்டு ஆடுகள் இரட்டைக் குட்டி போட்டதாகத்தான் தகவல்.

பேத்தி பிறந்தாள். முகம் பார்க்கத் தொடங்கியதும் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, உமாவோடு பக்கத்துப் பண்ணைக்குப் போனார் தாத்தா. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பி போட்ட பண்ணைக்காரர். அவர் காலடியில் நாய். மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெள்ளையாக ஆடுகள். கோபாலசாமி கையைக் கட்டிக்கொள்ளாத குறை. கத்தரிக்கோல் பக்கம் பார்க்கவே இல்லை.

"எத்தனை உருப்படின்னு கேளு உமா."

கேட்டாள். அவர் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். மலையை ஒரு தடவை பார்த்தார். ஏதோ ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு நாயைத் தடவினார்.

"கொஞ்சம் கெடக்குன்னு சொல்லுதாருப்பா."

கோபாலசாமி வேலியோரம் நெருங்கி, அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தார்.

"உமா, இவரு நம்ம ஊருக்கு வரணும்னா என்ன விசா போடணும்?"