பதினோராம் தொட்டி மட்டும் சாத்தவில்லை

சிலமலைக் கண்ணுச்சாமி தினமும் இரண்டு தூக்குச்சட்டியோடுதான் மலைத்தோட்டத்துக்கு வேலையாள் ஏற்றிப்போகும் ஜீப்பில் ஏறுவார். ஒன்று அவருக்கு, இன்னொன்று மகாராணிக்கு. அவர் பொண்டாட்டி மகாராணி போன ஐப்பசியில் காய்ச்சலில் செத்துப்போனது ஜீப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் கூட வேலைக்கு வரும் தங்கபாண்டி மட்டும் வாயைக் கொடுத்தான்.

"ரெண்டாவது சட்டி டிரைவருக்காண்ணே?"

கண்ணுச்சாமி கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை. மலைப்பாதை வளைவைப் பார்ப்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தார். கிணற்றில் கல்லைப் போட்டால்கூட ஒரு சத்தம் வரும். தங்கபாண்டி அதோடு விட்டுவிட்டான்.

சாவு வீட்டிலும் அவர் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்தார். காலையில் சட்டி கட்டுவது எப்போதும் அவர் சோலி. இரண்டு பேருக்குக் கட்டிப் பழகிய கை இரண்டு பேருக்கே கட்டியது.

மேலே ஓர் ஏலத்தோட்டத்தின் நிழல்வலைக்குள் ராசிங்காபுரம் முத்துப்பிரியா தன் படிப்புக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தொட்டிகளில் இரண்டு வரிசை ஏலச்செடி. ஒரு வரிசைக்குத் தண்ணீர் உண்டு. மற்றதற்குச் சொட்டுக்கூடக் கிடையாது. இரண்டையும் பார்த்துக்கொள்வது கண்ணுச்சாமி. தண்ணீர் ஊற்றாமல் இருக்கச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் என்று ஜீப்பில் அவருக்குப் பெயர்.

காய்ந்த செடிக்குள் என்ன நடக்கிறது என்று முத்துப்பிரியா ஒருநாள் அவருக்குச் சொன்னாள். மண் காய்ந்தால் இலைக்குள் ஒரு மருந்து ஊறுமாம். அதுதான் செய்தி. உள்ளே ஒரு புரதம் எந்நேரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே நிற்குமாம். செய்தி வந்ததும் இன்னொரு புரதம் அதன் காலைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் விட்டதும் மூன்றாவது புரதம் கிளம்பிப் போய், இலையில் இருக்கிற பொடி ஓட்டைகளை எல்லாம் சாத்த வைக்கும்.

"சாத்துனா?"

"தண்ணி வெளிய போகாது மாமா. காத்தும் உள்ள வராது. சமையல் நின்னுரும். சாகாது. சும்மா இருக்கும், அவ்வளவுதான்."

கண்ணுச்சாமி தலையாட்டினார். அவருக்கு அது புது விஷயமாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் முத்துப்பிரியா கால் தரையில் பாவாமல் திரிந்தாள். காய்ந்த வரிசையில் எல்லாச் செடியும் சாத்திவிட, கடைசியில் இருந்த பதினோராம் தொட்டி மட்டும் திறந்த இலையோடு தளதளவென்று நின்றது. வறட்சியை மதிக்காத செடி கிடைத்துவிட்டது, மிச்சப் படிப்பு முழுக்க இனி இதன்மேல்தான் என்று போனில் பேராசிரியரிடம் சொன்னாள். இலையை அறுத்து ஐஸ்பெட்டியில் வைக்கக் கத்தரியும் எடுத்துவிட்டாள்.

கண்ணுச்சாமி அந்தத் தொட்டியைப் பார்த்தார். தினமும் அவர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அதற்குப் பக்கத்தில். சாப்பிட்டு முடித்ததும் மகாராணியின் சட்டியைத் திறந்து, தண்ணீர் விட்ட சோற்றை அந்தத் தொட்டியில் ஊற்றுவார். சோற்றுத் தண்ணீரைக் கால்படும் இடத்தில் கொட்டக்கூடாது, செடி மூட்டில்தான் ஊற்றவேண்டும். எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். தண்ணீர் பாய்ச்சுகிறோம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை நிலைக்கும். ஆனால் இந்தப் பிள்ளை, இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டு கிடப்பாள்.

"அறுக்காத ஆத்தா. அது மகாராணி சோத்தைத் தின்னுட்டு நிக்குது."

முத்துப்பிரியா மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். ஊறிய பருக்கை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் திட்டவில்லை. எழுந்துபோய்ப் பேராசிரியருக்குப் போன் போட்டாள். அந்தச் செடியில் ஒன்றுமில்லை, அதற்குத் தண்ணீர் போயிருக்கிறது என்று சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து தொட்டியிலிருந்த எண் அட்டையைப் பிடுங்கினாள்.

"இது இனிமே ஆராய்ச்சில இல்ல மாமா. வெளிய வச்சுருங்க. நீங்களும் அங்கேயே சாப்பிடுங்க."

நாளைக்கு வரலாமா என்று கேட்டார். வராமல் எங்கே போவீர்கள் என்றாள்.

மத்தியானம் வெளியே உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது சட்டியைத் திறந்து செடி மூட்டில் ஊற்றினார். மனசில் ஒன்றும் தோன்றவில்லை. இலைக்கு அடியில் இருக்கும் அந்த ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாது என்று அவள் சொல்லியிருந்தாள். இருந்தாலும் குனிந்து ஓர் இலையை மெதுவாகப் புரட்டி, அடிப்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.