பதினேழாம் பக்கத்தின் கறுப்பு

சென்ற ஆண்டு ஆகஸ்ட் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி நாற்பது நிமிடத்துக்கு அது தொடங்கியது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அசர் தொழுகைக்கான பாங்கு அப்போதுதான் ஒலித்தது; என் தோழி பரீதா தூரிகையை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். இத்தகைய அனுபவங்களைச் சொல்கிறவர்கள் எல்லோருமே, தாங்கள் இவற்றை ஒருபோதும் நம்பியதில்லை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படியே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. வாசகரைத் திடுக்கிட வைக்கப் பூதத்தை எந்தப் பக்கத்தில் நுழைக்க வேண்டும் என்று திட்டமிட்டுக்கொண்டிருந்தவளே நான்தான். அப்படிப்பட்டவளுக்குப் பூதத்திடம் என்ன பயம்?

நாங்கள் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் படிக்கிறோம். எனக்கு இலக்கியம், அவளுக்கு ஓவியம். ஓராண்டாக ஒரு படக்கதை செய்துகொண்டிருந்தோம்: கயல், நூரா என்னும் இரு துப்பறிவாளர்கள், எங்கள் தீவு நகரமான ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் பதுங்கித் திரியும் இருள்விழுங்கி என்ற பூதத்தைத் தேடி அலைகிறார்கள். எழுத்து என்னுடையது, கோடுகள் அவளுடையவை. "தமிழ்ல பேய்க்கதை போட்டா சிரிப்புதான் வரும் லா," என்று வகுப்பில் ஒருவன் சொன்ன நாளிலிருந்து எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அச்சகத்தில் இருபத்து நான்கு பக்கங்களையும் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மாணவர் கண்காட்சிக்குப் புத்தகம் இல்லை.

பரீதாவின் அத்தா சூலியா தெருவில் நாசி கண்டார் என்னும் சோறு-குழம்புக் கடை வைத்திருக்கிறார். மாடியறையில் அரிசி மூட்டைகள், ஒரு மேசை, ஒரு நாற்காலி. அதுதான் எங்கள் வேலைக்கூடம். அன்று மீதமிருந்தது கறுப்பு நிரப்பும் வேலை மட்டும். படக்கதை வரைகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: முழுக் கறுப்பாக வேண்டிய இடத்தில் வெளிர்நீலப் பென்சிலால் சிறியதாய் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். ஓவியம் அறியாதவரும் குறியைப் பார்த்து மை நிரப்பிவிடலாம். நான் எதற்கும் கேள்வி கேட்பவள் என்பதால் பரீதா கிளம்புமுன் எச்சரித்துவிட்டுத்தான் போனாள்: "குறி இருந்தா நிரப்பு. ஏன் எதுக்குன்னு ஆராய்ச்சி பண்ணாத, சரியா?"

ஆராய்ச்சி பண்ணவில்லை. என் தவறு அதுதான்.

முதல் எட்டுப் பக்கங்களில் பூதத்தின் உடல் மட்டுமே கறுத்தது. ஒன்பதாம் பக்கத்தில், தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த ஒரு ஜன்னலில், திரைமடிப்புக்கும் கம்பிக்கும் இடையே ஒரு குறி இருந்தது, நிரப்பினேன். பன்னிரண்டில் கடைவீட்டு முகப்பின் ஐந்தடி நடைபாதையில் தூணருகே ஒன்று, பதினைந்தில் மாடிப்படியின் கைப்பிடி ஓரம் ஒன்று. எல்லாவற்றையும் நிரப்பினேன். பதினேழாம் பக்கத்தில் பரீதா இதே மாடியறையைத்தான் வரைந்திருந்தாள். தன்னையே நூராவாக்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். நாற்காலியின் முதுகுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே இருந்த சிறு இடைவெளியிலும் ஒரு குறி. அதையும் நிரப்பிவிட்டு மை காயட்டும் என்று நான்கு பக்கங்களையும் வரிசையாகப் பரப்பினேன்.

பரப்பிய பிறகுதான் கண்டேன். நான்கிலும் ஒருவர் நின்றிருந்தார். எங்கள் பூதம் அல்ல. அதற்குத் தோள்கள் கூரையைத் தொடும். இவர் குள்ளம், தலை சற்றே இடப்புறம் சாய்ந்தவர். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து நடைபாதைக்கு, நடைபாதையிலிருந்து படிக்கு, படியிலிருந்து இந்த அறைக்கு வந்திருந்தார்.

பரீதா பிளாஸ்டிக் பையில் தே தாரிக் தேநீர் வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். பக்கங்களைப் பார்த்தாள். பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"யாழினி, இது யாரு டி?"

"நீதானே குறி போட்டிருந்த."

"நான் பூதத்துக்கு மட்டும்தான் லா போட்டேன். ஜன்னலுக்கு எதுக்குப் போடப் போறேன்?"

நான் பதினேழாம் பக்கத்தைத் திருப்பி, பின்புறத்தை விரலால் தடவினேன். பரீதா பென்சிலை அழுத்தவே மாட்டாள். இங்கோ குறி நகத்தால் கீறியதுபோல் தாளின் மறுபக்கம் வரை புடைத்திருந்தது. மற்ற மூன்றிலும் அப்படியே. நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயமில்லை. அந்தத் தாள்கள் இன்றும் என்னிடம் இருக்கின்றன.

"குடுக்க வேணாம் டி," என்றாள் பரீதா. அவள் பார்வை படத்தில் தனக்குப் பின்னால் இருந்த கறுப்பை விட்டு நகரவில்லை. "அப்படியே குடுத்தாலும் என் பேர் வேணாம்."

"உன் பேர் இல்லாம இது எப்படி நம்ம புத்தகம்?"

"பேசறது ஈசி. கயலுக்குப் பக்கம் பக்கமா தைரியம் எழுதின இல்ல? அந்த நாற்காலியில உக்காந்து மிச்சத்த முடி பார்ப்போம். ஒண்ணும் ஆகலன்னா என் பேரப் போட்டுக்க."

கோபத்தில்தான் சொன்னாள். நான் உட்காருவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதுவரை மேசையோரம் நின்றபடியே வேலை செய்துகொண்டிருந்த நான், நாற்காலியைத் தூக்கி மேசையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து இருபத்தைந்துக்கு ஆரம்பித்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பரீதா உள்ளே வர மறுத்துப் மாடிப்படியின் மேல்முனையிலேயே நின்றாள். ஏழு பக்கங்கள். ஒவ்வொன்றையும் முதலில் விளக்கொளியில் ஆராய்ந்தேன். வேண்டாத குறி ஒன்றுகூட இல்லை. இனி வழிகாட்ட வேண்டியதில்லை, வந்து சேர்ந்தாயிற்று என்பதுதான் அதன் பொருள் என்று தோன்றியது. ஆனாலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. கயலுக்கு நான் எழுதிக் கொடுத்த விதி இதுதான்: அளக்க முடியாததற்கு அஞ்சாதே. அந்த ஏழு பக்கங்களில் மை ஓரிடத்திலும் கோட்டைத் தாண்டவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

இருபத்து நான்காம் பக்கத்தின் கடைசி மூலையை நிரப்பியபோது, தாளை எட்டுவதற்காக என் கை முழுதாக நீண்டிருப்பதை உணர்ந்தேன்.

"எந்திரி. மெதுவா," என்றாள் பரீதா.

எழுந்தேன். "ஏன் டி நாற்காலிய பின்னால தள்ளின?" என்று அவள் கேட்டாள்.

நான் தள்ளவில்லை. அளவுகோலை எடுத்து அளந்தேன்: மேசை விளிம்புக்கும் நாற்காலிக்கும் இடையே முப்பத்தொரு சென்டிமீட்டர். தரையில் அரிசித் தவிட்டுத் தூசி படர்ந்திருந்தது. நாற்காலியின் கால்கள் இழுபட்டிருந்தால் அதில் கோடு விழுந்திருக்க வேண்டும். மேசையோரம் நான் நாற்காலியைப் போட்ட இடத்தில் நான்கு வட்டத் தடங்கள். இப்போது இருந்த இடத்திலும் நான்கு. நடுவில் தூசி கலையவே இல்லை. என்னோடு சேர்த்து அது தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது; நான் உணராதபடி, அவ்வளவு மென்மையாக. அந்த மென்மையைத்தான் என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இப்போதும் எழுதும்போது, என் முழங்கை மடிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாவிட்டாலும் பரீதா வாக்குத் தவறவில்லை. "பேரப் போட்டுக்க," என்றாள். "ஆனா நான் இனிமே மேல வர மாட்டேன்."

மறுநாள் காலை எட்டரைக்கே அச்சகத்தில் நின்றேன். அச்சுக்கோப்பு தயாரிக்கும் அண்ணன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "தங்கச்சி, நெஜமாவே பயமா இருக்கே லா," என்றார். ஓராண்டு உழைப்புக்கு அது போதும். பிறகு உள்ளட்டையில் போட வேண்டிய பெயர்களைக் கேட்டார். கதை, யாழினி. ஓவியம், பரீதா.

"கறுப்பு நிரப்புனது?"

என் பெயரையே சொல்லியிருக்கலாம், கை என்னுடையதுதான். ஆனால் எங்கே நிரப்ப வேண்டும் என்று நான்கு பக்கங்களில் தீர்மானித்தது நானும் அல்ல, பரீதாவும் அல்ல. பிறர் பங்கை என்னுடையதாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

"மூவர்னு போடுங்கண்ணே," என்றேன்.

"மேல ரெண்டு பேருதானே இருக்கு?"

"மூணாவது ஆளோட பேர் எனக்குத் தெரியாது."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்படியே தட்டச்சு செய்தார். நான் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுக் கையொப்பமிட்டேன்.