கோடு தெரியாத கமரா

அம்மாவின் பழைய கமராவுக்குள் படத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோடுகள் மங்கிக் கிடக்கின்றன. முன்கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கலாமென்று தோலுறையைத் திறந்ததும், டோர்செட் பார்க்கில் இடித்துவிட்ட எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பார்ட்டி ரூம், ரோல்ஸ் பொரித்த எண்ணெயும் பனியில் நனைந்த குளிர் ஜக்கெட்டுகளுமாக மணத்துக்கொண்டு நினைவில் வந்தது.

அன்றும் கோடுகள் தெரியவில்லை. கமராவுக்குள் தெரிவதெல்லாம் படத்தில் விழுமென்று நம்பிய அம்மா, ஒரு பிறந்தநாளில் எடுத்த படத்தில் எல்லாருடைய தலையையும் வெட்டிவிட்டார்.

அடுத்த பிறந்தநாளில் பக்கத்து வீட்டுச் செல்வம் அங்கிள் கையை நீட்டினார். "தங்கச்சி, உந்தக் கமராவை ஆம்பிளையள் ஆரிட்டையாவது குடுங்கோ."

"குடுக்கமாட்டன் அண்ணை. போய் வரிசையில நில்லுங்கோ."

சொல்லிவிட்டு அம்மா, எல்லாரும் சிரிக்கச் சிரிக்க, முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் நகர்ந்து பட்டனை அழுத்தினார்.

அந்தப் படத்தில் ஒரு தலையும் குறையவில்லை. அங்கிளின் முகம் மட்டும் உம்மென்றிருக்கிறது.