ரிஜிஸ்டர் விலகிய முகம்

ஒரு நாள் காலையில் டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரிக்கு இரண்டு மூக்கு இருந்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில்; இன்னொன்று கன்னத்தில். கண்ணைக் கசக்கினேன். போகவில்லை.

சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவன் நான். எட்டாவதோடு நின்றவனுக்குக் கண்தான் பிழைப்பு. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று தாளோரத்துச் சிலுவைக் குறியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ரிஜிஸ்டர் என்று பேர். இப்போது குறியே இரண்டாகத் தெரிந்தது. வேலை போய்விடும் என்றுதான் முதலில் பயந்தேன்.

மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி நாளைக் கடத்தினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

மதுரையில் கண் டாக்டர் விரலை ஆட்டிப் பார்த்துவிட்டு, டிப்ளோபியா (இரட்டைப் பார்வை) என்றார். சர்க்கரையால் ஆறாவது நரம்பு (கண்ணை வெளிப்பக்கம் திருப்புவது) சோர்ந்துவிட்டதாம்.

"சரியாயிருமா சார்?"

"பெரும்பாலும் ஆயிரும். சில மாசம் போகணும். சர்க்கரையைக் குறைங்க, ஒரு கண்ணை மூடி வச்சுக்கங்க."

அந்த 'பெரும்பாலும்' என்னை உட்கார விடவில்லை. கண்ணில் கட்டிய துணியை அவிழ்ப்பேன், கரண்டுக் கம்பத்தைப் பார்ப்பேன், இரண்டாக நிற்கும், திரும்பக் கட்டுவேன்.

அப்போதுதான் அந்தக் காலண்டர் ஞாபகம் வந்தது. முந்தின சீசனில், கியூபிசம் என்கிற பாணிப் படங்களை வைத்து ஒரு ஆர்டர். ஒரு பெண்ணின் முகம், கண்ணாடிச் சில்லு மாதிரி துண்டு துண்டாக. மூக்கு பக்கவாட்டில், கண் இரண்டும் நேரே. சிலுவைக் குறி சரியாகத்தான் இருந்தது. நான் முகத்தைப் பார்த்துப் பதறி மிஷினை நிறுத்தி, பிளேட்டை நகர்த்தப் போனேன். டிசைனர் தங்கராசு ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, படமே அப்படித்தான். நேர நின்னு பார்த்தது, பக்கத்துல போயிப் பார்த்தது, எல்லாத்தையும் ஒரே தாள்ல போட்டிருக்காக."

"ஏலே, அந்தப் பொம்பளை பார்த்தா சும்மா விடுவாளா?"

இப்போது அந்தப் படத்துப் பொம்பளை என் வீட்டிலேயே நடமாடினாள். ஆனால் படம் வரைந்தவர் ஆளைச் சுற்றிவந்து பார்த்திருக்கிறார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே முகத்தை உடைத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் வீட்டுக்காரி எதிரே வந்து நிற்பாள். "இன்னைக்கு எம்புட்டுப் பேரு இருக்கேன்?"

"ரெண்டு பேரு."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேலை எடுக்கணும், பார்த்துக்கங்க."

மூக்குகள் மெல்ல நெருங்கின. ஒரு நாள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. மிஷினுக்குத் திரும்பிவிட்டேன். இருந்தாலும் தாளை எடுக்கும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடித் திறந்துகொள்கிறேன். இந்தப் பார்வை இன்றைக்கு உண்டு. நாளைக்கு உள்ளது நாளைக்குத்தான் தெரியும்.

நேற்றும் கேட்டாள். "ஒருத்திதான்" என்றேன். "அப்பச் சரி" என்று திரும்பினாள். காதோரம் நரைத்திருந்தது. எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன்.

"என்னங்க, மறுபடியுமா?" பயந்துவிட்டாள்.

"இல்ல. இம்புட்டு நாளும் நேர மட்டுந்தான் பார்த்திருக்கேன். கொஞ்சம் நில்லு."