தலைகீழ்க் கொக்கு

ஐந்து வருடம் ஊர் சுற்றிவிட்டு 2014இல் திரும்பி வந்தபோது, நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் பூங்காவில் இருபதடி உயரத்துக்கு ஓர் இரும்புச் சிற்பம் நின்றது. உச்சியில் இரண்டு கம்பிகள், நுனியில் மும்மூன்று விரல்கள். இருபுறமும் தரைவரை சரிந்த தகடுகளில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பலகையில் ‘எழுச்சி’ என்று எழுதியிருந்தது.

கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அது கொக்கு. தலை மண்ணுக்குள்.

நட்டவர் எங்கள் வடக்குத்து ஊர்த் தங்கராசு மாமாதான். கரி ஏற்றிச் செல்லும் மைன்ஸ் பெல்ட்டில் பதினேழு வருடமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. போய்க் கேட்டேன்.

“மெதுவா பேசு பாப்பா. அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட் வருது. நீ வேற.”

“எப்படி மாமா இப்படி?”

“இரும்புமேல செவப்புல அம்பு போட்டு அனுப்புனாங்க. பெல்ட்டுல அம்பு எதைக் காட்டும்? கரி வுழுற பக்கத்தைத்தான. அம்பைக் குழிப் பக்கம் திருப்பி எறக்கிட்டேன். கான்கிரீட் இறுகின அப்புறந்தான் படம் வந்துச்சு.”

இரண்டு வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்போது அதைச் செய்த சிற்பி செங்கமலம் சனிக்கிழமை பார்க்க வருகிறாராம்.

மாமாவிடம் திட்டம் இருந்தது. பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ வாங்கி ஆசை காட்டி, எங்கள் பிளாக் பிள்ளைகள் நாற்பது பேரைச் சிற்பத்தின்மேல் ஏற்றினார். இரும்பே தெரியக்கூடாது. “நீ ஊரு உலகம் பாத்தவ. பேசிகினே அந்தம்மாவ ஓரமா தள்ளிகினு போ” என்றார் என்னிடம்.

செங்கமலம் ஓர் அதிகாரியோடு வந்தார். நான் என் பயணக் கதைகளை அவிழ்த்தேன். அவர் கேட்கவில்லை. சிற்பத்தைச் சுற்றி வந்து, “தலை எங்கே?” என்றார்.

மாமா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்குப் பொறுக்காது.

“நாலடி கான்கிரீட்டுல இருக்குதுங்க. புயல் வந்தாலும் ஆடாதுங்க” என்றார். சொன்னபிறகு என்னைப் பார்த்து விழித்தார்.

“நீங்க நட்டதா?”

“அம்பு கீழ காட்டிச்சுங்க.”

செங்கமலம் குனிந்து, தன் கால்களுக்கு இடையே தலையை விட்டுக் கொக்கை நேராகப் பார்த்தார். அதிகாரியும் செய்வதா வேண்டாமா என்று தவித்தார். பிறகு செங்கமலம் ஒரு சிறுமிக்குப் பின்னால் வரிசையில் நின்று ஏறி, இறக்கை வழியாகச் சறுக்கி வந்தார்.

“சார், நான் கேட்டதைவிடப் பலமா நட்டிருக்கார்” என்றார் சேலையைத் தட்டியபடி. “அந்த ‘எழுச்சி’ பலகையை மட்டும் கழட்டிடுங்க.”

அதிகாரி தலையாட்டி மாமாவின் பெயரைக் குறித்துக்கொண்டார். லிஸ்டில் பெயர் வந்தது.

போன வாரம் பூங்காவுக்குப் புது ஊஞ்சல்கள் இறங்கின. மாமா காலையிலேயே எங்கள் வாசலில் நின்றார்.

“பாப்பா, செத்த வா. அதுலயும் அம்பு போட்டிருக்கானுங்க.”