நடீனின் கட்டைவிரல்

காலை ஐந்தேகால் மணிக்கு நடீன் கோவாலிக் சமையலறையின் நடுவில் நின்றுகொண்டு, ஒரு தக்காளி சூப் டப்பாவை வலது கையால் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடித்திருப்பார். இடது கை கால்சட்டைப் பைக்குள். எதிரே அலமாரிக் கதவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. டப்பாவும் பொட்டும் ஒரே கோட்டில் நிற்க, அறுபது வரை எண்ணுவார். பிறகு டப்பாவை வைத்துவிட்டு ரிவால்வரை எடுப்பார். அதன் ஆறு அறைகளிலும் தோட்டாவுக்குப் பதிலாக, சுவரில் திருகாணி இறுக்கச் செருகும் மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகள். பிடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, குழலின் மேல் பத்து சென்ட் நாணயம் ஒன்றைப் படுக்கவைத்து, விசையை அழுத்துவார். நாணயம் விழக் கூடாது. விழுந்தால் முதலிலிருந்து தொடங்குவார். அவர் வீட்டு ஜன்னலுக்குத் திரை கிடையாது. எதிர்வீடு என்னுடையது. பதினேழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்தைக் கிளப்பப் போய்விடுவார். பதினான்காம் எண் பேருந்து. வயது அறுபத்தொன்று, குட்டையான உருவம், ஆடி மாத வெயிலிலும் ஆரஞ்சு நிறக் கம்பளிக் குல்லா. பேருந்தில் ஐம்பது பிள்ளைகள் கத்தினாலும் அவர் குரலை உயர்த்துவதில்லை. கண்ணாடியைப் பார்த்து, "கண்ணுங்களா, நான் திரும்பிப் பாக்கணுமா?" என்று ஒரே ஒரு முறை கேட்பார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்ததாக ஊரில் பேச்சில்லை. சாண்ட்விச்சை மூன்று துண்டாகத்தான் வெட்டுவார். சுடுவதற்கு நிற்கும்போது வலது குதிகாலால் தரையை இருமுறை மிதிப்பார். பிரேக் பிடிக்கிறதா என்று சோதிக்கிறாராம்.

எங்கள் ஊர் பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே, ஆற்றோரம் இருக்கிறது. எங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் கட்டடத்தில் மேலே மதுக்கூடம், கீழே நிலவறையில் சுடுதளம். அக்டோபர் முதல் மார்ச் வரை திங்கட்கிழமைதோறும் லீக் போட்டி நடக்கும். அணிக்கு ஐந்து பேர், ஒற்றைக் கையால் சுட வேண்டும். நான் மருந்துக்கடைக்காரன்; ஆனாலும் சங்கத்தில் எல்லோருக்கும் 'டாக்டர்'தான். மருந்து வாங்க வந்தவர்களே என்னை இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். எங்கள் அணியில் நான் ஆறாவது ஆள். சங்கத்துப் பழைய பிஸ்டலை இரவல் வாங்கி, கணக்கில் சேராத தோட்டாக்களைச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன்.

போட்டியின் கடைசிச் சுற்றில் பத்து நொடியில் ஐந்து தோட்டா போக வேண்டும். மற்றவர்களின் பிஸ்டல்கள் தாமாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். விசையை அழுத்தினால் போதும். நடீனின் ரிவால்வருக்கு ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் எழும்பிச் சுத்தியலை இழுத்தாக வேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்த விரல் எழுந்தது, இழுத்தது, இறங்கியது. எதிரணிக்காரர்கள் தங்கள் இலக்கை மறந்து அதை வேடிக்கை பார்ப்பார்கள். சென்ற மார்ச்சில் இறுதிப் போட்டியில் நடீனுக்கு மூன்று தோட்டா போயிருந்தபோதே மணி அடித்துவிட்டது. சுடாத இரண்டுக்கும் பூஜ்யம். பதினோரு புள்ளியில் தோற்றோம்.

விரலின் அடி மூட்டு தேய்ந்துபோயிருந்தது. அதற்குத் தடவும் களிம்பை நான்தான் மாதாமாதம் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறேன் என்பதால், எனக்கு மட்டும் அது அதிர்ச்சியாக இல்லை. அணித்தலைவர் எமில் பார்டோஸ், வயது எழுபத்தொன்பது, மேலே மதுக்கூடத்தில் பீர் கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்திக்கொண்டே சொன்னார்: "பொண்ணே, அடுத்த சீசன் நீ வெளிய உக்காந்துக்கோ. உன் எடத்துல டாக்டர் சுடட்டும்."

"அக்டோபர்ல நான் சுடுவேன், கேப்டன்."

"அந்த விரல வச்சுக்கிட்டா?"

"விரலு வேண்டாத துப்பாக்கியா பாத்து வாங்குவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஜூன் மாதமே மெர்ல் டிரெக்ஸ்லரின் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டியிலிருந்த ஒரு பிஸ்டலைக் கேட்டு வாங்கி, அங்கேயே அறுபது வரை எண்ணிப் பிடித்துப் பார்த்தார். "எடுத்து வை, மெர்ல். செப்டம்பர் முடியறதுக்குள்ள வரேன்," என்றார். அந்தக் கோடையில் அவர் வீட்டைக் குளிர்காலத்தில் சூடாக்கும் உலை செத்துப்போய்ப் புதியது மாட்ட வேண்டியதாயிற்று. கையில் மிச்சம் ஒன்றுமில்லை. தவணையில் வாங்கலாமே என்று நான் சொன்னதற்கு, "கடன சுமந்துக்கிட்டு நின்னா கை ஆடும், டாக்டர்," என்றார். மான் வேட்டைக்கு வைத்திருக்கும் நீளத் துப்பாக்கியை விற்கலாமே என்றேன். "அது எனக்குக் குளிர்காலம் பூரா சோறு போடுது. நீங்க போடுவீங்களா?" ஆக, விற்க வேண்டியது ரிவால்வர்தான்.

இந்தச் சங்கத்தில் ஒருவர் துப்பாக்கியை விற்கப்போகிறார் என்றால், மற்றவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல வந்துவிடுவார்கள். அவரவர் விற்றுவிட்டு வருந்துகிற துப்பாக்கிகளின் பட்டியல் ஒன்று அவரவரிடம் உண்டு. இரண்டு பீருக்குப் பிறகு ஒப்பிக்கத் தொடங்குவார்கள். எமிலின் பட்டியலில் ஐந்து. முதல் பெயர், 1994இல் நல்ல விலைக்கு வாங்கி, புதுப் பிஸ்டல் மோகத்தில் விற்றுத்தொலைத்த ஆறங்குல ரிவால்வர். வாங்கியவர் நடீன். வாரா வாரம் எமில், "அந்த மாதிரி ஒரு சாமான் கெடைக்குமா இனிமே?" என்று புலம்புவார், அந்தச் சாமான் பெட்டிக்குள் இருக்க, நடீன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருப்பார்.

விற்கும்போது எமில் ஒரு வார்த்தை வாங்கியிருந்தார். இங்கே அதை 'முதல் கதவு' என்பார்கள். வாங்கியவர் என்றைக்காவது விற்க நினைத்தால் முதலில் தட்ட வேண்டியது விற்றவரின் கதவை. எழுத்தில் எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி வாங்கியதைக் கடையில் போட்டுவிட்ட ஒருவர் சங்கத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவருக்கு ஒன்பது வருடமாகத் தனி மேசை.

மெர்ல் நடீனுக்கு ஆசை காட்டிப் பார்த்தார். "ரிவால்வரக் குடு, பிஸ்டல எடுத்துக்கோ. அஞ்சு நிமிஷ வேலை. எமிலுக்கு யாரு சொல்லப் போறா?"

"நான் சொல்லுவேன்," என்றார் நடீன்.

எமில் வாங்கிக்கொண்டால் பணம் கைக்கு வந்துவிடும். ஒரேயடியாக மறுத்தால் கடைக்குப் போய்விடும். ஆனால் 'விக்காதே, வச்சுக்கோ' என்று அவர் கெஞ்சினால்? அக்டோபரில் வெளியேதான் உட்கார வேண்டும். நடீனுக்கு அந்தப் பயம் இருந்தது. செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை, பேருந்தை நிறுத்திவிட்டு நேராக என் கடைக்கு வந்தார். "டாக்டர், கோட்ட மாட்டுங்க. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

எமிலின் சமையலறையில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. நடீன் ரிவால்வரை மேசைமேல் வைத்தார். எமில் அதை எடுத்து, உருளையைத் திறந்து, ஆறு அறைகளிலும் சுண்டுவிரலை விட்டு விட்டுப் பார்த்தார். கண்ணால் பார்த்தாலே காலி என்று தெரியும். பிறகு ஜன்னல் வழியே தோட்டத்துக் குருவிக்கூண்டைக் குறிபார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"கொழல் நுனியில முன்குறி இருந்துச்சே, எங்க போச்சு?"

"இருந்த எடத்துலதான் இருக்கு, கேப்டன்."

எமில் துப்பாக்கியை இறக்கினார். "தோள்வலி, அதனால சுடறதில்லன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்ல. பொய். கண்ணு நடுவுல ஒரே பொக மூட்டம்."

"தெரியும்."

"எப்ப இருந்து தெரியும்?"

"போன வருஷம் மீன் வறுவலுக்கு உப்புன்னு சர்க்கரைய அள்ளிப் போட்டீங்களே, அப்ப இருந்து."

"நல்லாத்தானே இருந்துச்சு."

"இருந்துச்சு, இருந்துச்சு. டாக்டரு ரெண்டு தட்டு சாப்பிட்டாரு."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என் விரலப் பத்தி நீங்க மார்ச் வரைக்கும் வாயத் திறக்காம இருந்தீங்கல்ல."

எமில் கண்ணுக்குச் சாப்பிடும் மாத்திரைகளும் என் கடையிலிருந்துதான் போகின்றன. மருந்துக்கடைக்காரன் எதையும் பார்க்காதவன்போல இருக்கப் பழகியவன். நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எமில் ரிவால்வரின் மரப்பிடியைத் தடவினார். அதைத் திருப்பிக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்பது நன்றாகவே தெரிந்தது.

"இருபத்திரண்டு வருஷமா நீ இந்தக் கதவத் தட்டுவேன்னு காத்துட்டிருந்தேன், பொண்ணே. பணம்கூட எடுத்து வச்சிருக்கேன். ஆனா இப்ப வாங்கிப் பெட்டியில போட்டா இது ஊமையாயிடும். மத்த துப்பாக்கியெல்லாம் ஒரே மாதிரி தும்முது. இது ஒண்ணுதான் மூச்சு விட்டு மூச்சு விட்டுப் பேசும். திங்கக்கெழமைல எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

"என்னால இனிமே அந்தச் சத்தத்தக் குடுக்க முடியாது, கேப்டன். நான் விக்கறேன். அது முடிஞ்ச முடிவு."

"விக்காதேன்னு நான் சொல்லவே இல்லியே. ஆனா திங்கக்கெழமை சுடற ஆளுக்கு வித்துரு."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். எமில் என் முகத்தை அல்ல, ஏறக்குறைய என் காதைப் பார்த்தார்.

"டாக்டருக்கு ரெண்டு கட்டைவிரலும் ஜோரா இருக்கு," என்றார் நடீன். "நாள் பூரா மாத்திரை எண்ணற விரலு."

"நான் சுட்டா குறி அட்டைல எங்க விழும்னே தெரியாதே," என்றேன்.

"எனக்கென்ன, நானா பாக்கப்போறேன்?" என்றார் எமில்.

எங்கள் மாநிலத்தில் கைத்துப்பாக்கி கைமாறினால் கடை வழியாகத்தான் மாற வேண்டும். மறுநாள் மெர்லின் மேசையில் படிவம் எழுதி, அவர் தொலைபேசியில் என் யோக்கியதையை விசாரித்து முடித்து, நான் பணத்தை எண்ணி வைத்ததும், நடீன் ரிவால்வரை என் பக்கம் நகர்த்தினார். நகர்த்திய கையை எடுக்கவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது. "விக்கறதா இருந்தா முதல் கதவு என்னோடது," என்றார்.

"உங்களோடதுதான்."

"தினம் அறுபது எண்ணுங்க. சூப் டப்பா வாங்கித் தரேன்." கையை எடுத்துவிட்டு மெர்லிடம் திரும்பினார். "இப்ப என் சாமானக் குடு."

புதுப் பிஸ்டலுக்கும் அவருக்கும் உடனே ஒத்துப்போகவில்லை. முதல் வாரமே கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்துவிட்டது. ரிவால்வரில் பழகியவர்கள் மட்டும் செய்கிற தப்பு அது. ஒரு தோட்டா போனதும் விரல் தானாக எழும்பி, இல்லாத சுத்தியலைத் தேடும். அதே நொடியில் பிஸ்டலின் மேற்பகுதி பின்னால் பாய்ந்துவந்து விரலைக் கடிக்கும். நான் களிம்போடு போனேன். "வலி இருந்தாத்தான் அதுக்குப் புத்தி வரும்," என்று களிம்பை மறுத்துவிட்டார். மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு எதிர்வீட்டு ஜன்னலில் சூப் டப்பா நீண்டிருந்தது. என் சமையலறையிலும் ஒன்று நீண்டிருந்தது. என் மனைவி அதைப் பற்றி இன்னும் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

அக்டோபர் முதல் திங்கட்கிழமை. நிலவறையில் வெடிமருந்து நெடி. எமில் பின்வரிசை நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஐந்தாமிடத்தில் ஆரஞ்சுக் குல்லா. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கடைசிச் சுற்று, பத்து நொடி. குதிகால் இருமுறை தரையை மிதித்தது. மணி அடித்ததும் முதல் தோட்டா போயிற்று. கறுத்த நகத்தோடு கட்டைவிரல் எழுந்தது, பாதியில் நின்றது, தன் இடத்துக்கு இறங்கியது. இரண்டாவது போயிற்று. மறுபடியும் எழுந்தது, நின்றது, இறங்கியது. மூன்று. நான்கு. ஐந்தாவதும் போன பிறகே மணி அடித்தது.

"அஞ்சா?" என்று பின்னாலிருந்து எமில் கேட்டார்.

"அஞ்சு," என்றேன்.

நடீன் தோட்டாக்கூட்டைக் கழற்றிப் பிஸ்டலை மேசைமேல் வைத்தார். அட்டையைப் பார்க்கவில்லை. காதுமூடியைச் சரிசெய்துகொண்டு ஓரமாக ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். நான் ரிவால்வரோடு போய் நின்றேன். முதல் தோட்டாவைச் சுட்டுவிட்டுச் சுத்தியலை இழுக்கையில் ஓரக்கண்ணில் தெரிந்தது: கால்சட்டையோரம் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய வெறுங்கையில், கட்டைவிரல் எழுந்து, என்னோடு சேர்ந்து பின்னுக்கு இழுத்தது.