காலி நாற்காலியில் ஓர் ஆரஞ்சுக் கட்டம்

கேமரா என்கிற கருவியை முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் உலகத்தில் மிகச் சிலரே. அவர்களில் நான் ஒருவன். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டே, பதினோரு வாரங்களில் நூற்று நாற்பது பாட வீடியோக்களைப் பார்த்து முடித்தவன் நான். அதில் பாதியை ஒன்றரை மடங்கு வேகத்தில். பேய் இருந்தால் கேமராவில் தெரிந்திருக்கும், தெரியாததால் பேய் இல்லை என்று கல்லூரிப் பத்திரிகையில் நான் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரையை இன்றுவரை யாரும் மறுக்கவில்லை. யாரும் படிக்கவும் இல்லை என்பாள் அக்கா.

கீழே வருவது நடந்தது. ஒரு வரி கூட்டவில்லை. நேரங்களைக்கூட நான் சொல்லவில்லை. ஸ்டுடியோக் கடிகாரம் சொன்னது.

அக்கா கல்யாணப் படங்கள் எடுப்பவள். நாலு வருஷமாக மாடியில் இரண்டு அறை எடுத்து ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். முன்னறையில் கம்ப்யூட்டரும் ஆல்பங்களும். உள்ளறையில் ஜன்னலை மூடிய கறுப்புத் திரை, சாம்பல் நிறப் பின்துணி, வெள்ளைக் குடை மாட்டிய இரண்டு ஃப்ளாஷ் விளக்குகள். நடுவில் ஒரு மர நாற்காலி. உட்காருமிடத்தில் பச்சை ரெக்சின்.

அந்த நாற்காலியில் எப்போதும் ஒரு மணல் மூட்டை உட்கார்ந்திருக்கும். விளக்குத் தண்டு சாயாமலிருக்க அதன் காலில் வைப்பார்களே, அந்த மூட்டை. எட்டுக் கிலோ.

அக்காவின் சட்டம் இதுதான். ஆள் வரும்வரை மூட்டை நாற்காலியில் இருக்க வேண்டும். மூட்டையை எடுக்கும்போது கேமரா அணைந்திருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்த பிறகுதான் கேமராவைப் போட வேண்டும். காலி நாற்காலியைக் கேமரா பார்க்கவே கூடாது.

"ஏன்க்கா?"

"லைட் செட் பண்ணத்தான்."

இதில் லைட் எங்கே வந்தது என்று நூற்று நாற்பது வீடியோக்களிலும் இல்லை. நான் அந்த மூட்டைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். உள்ளறைக்குள் நுழையும்போதெல்லாம், "என்ன மாப்ள, சௌக்கியமா? ஊதிட்டே போற" என்று விசாரிப்பேன். அக்கா சிரித்ததே இல்லை. சிரிக்கிற ஆளும் இல்லை அவள். கீறல் விழுந்த அந்தப் பழைய ஃபோனைத் திறக்க ஒவ்வொரு முறையும் ஆறு எண்களைத் தட்டுவாள்.

"மூஞ்சியைக் காட்டினாலே திறக்கும்க்கா. எந்தக் காலத்துல இருக்க?"

"எனக்கு இதான் வசதி. வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

அந்தச் சனிக்கிழமை நாலரை மணிக்கு ஒரு மணப்பெண், தனிப்படம் எடுத்துக்கொள்ள வருவதாக இருந்தது. மறுநாள் அவளுக்குக் கல்யாணம். அதற்குள் வேறொரு ஆல்பத்தில் எல்லார் முகத்தையும் மஞ்சளாக அச்சடித்துவிட்டான் அச்சகக்காரன். அவனோடு சண்டைக்குக் கிளம்பிய அக்கா வாசலில் திரும்பினாள்.

"நீயே எடு. ஒழுங்கா வந்துச்சுன்னா நாளைக்குக் கல்யாணத்துல ரெண்டாவது கேமரா உன் கையில. சொதப்பின, ஆயுசுக்கும் குடையைப் பிடிச்சிட்டு நில்லு."

பதினோரு வாரமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"மூட்டை, டேய்..."

"தெரியும், தெரியும். மாப்பிள்ளையை நான் பாத்துக்கறேன்."

3:05க்கு அவள் படியிறங்கினாள். 3:06க்கு மாப்பிள்ளை தரையில் கிடந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கேமரா எந்த முகத்தைக் கண்டாலும் திரையில் அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் போடும். ஒரு முகத்தை முன்கூட்டியே பதிந்துவைத்தால் ஆரஞ்சுக் கட்டம் போட்டு, பக்கத்தில் பதிவு எண்ணையும் காட்டும். கூட்டத்தில் மணமக்களைத் தவறவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஒன்றாம் எண் அக்கா. கேமரா வாங்கிய அன்று சோதனைக்காகப் பதிந்தது. இரண்டாம் எண் நான். அன்று காலையில்தான் என்னை நானே பதிந்துகொண்டேன். வேறு யாரும் என்னைப் பதிவதாக இல்லை.

3:12. முக்காலித் தாங்கியில் கேமராவை மாட்டி, ஆன் செய்தேன்.

திரையில் காலி நாற்காலி. அதற்கு மேல், ஓர் ஆள் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில், ஆரஞ்சுக் கட்டம். பக்கத்தில் எண் 1.

சிரித்துவிட்டேன். அச்சகத்தில் ஒருவனைக் கிழித்துக்கொண்டிருக்கும் அக்காவை இந்தக் கேமரா இங்கே கண்டுபிடித்திருக்கிறது. பின்துணியில் சுருக்கம், அதை முகம் என்று நினைத்துக்கொண்டது. அடுத்த கட்டுரைக்குத் தலைப்புகூடத் தோன்றியது.

3:19. துணியை இழுத்துக் கிளிப் போட்டேன். சுருக்கம் போனது. கட்டம் போகவில்லை.

3:24. கேமராவை இரண்டடி இடப்பக்கம் நகர்த்தினேன். துணியில் இருக்கும் கறை என்றால் கட்டமும் நாற்காலியைவிட்டு விலகித் தெரிய வேண்டும். விலகவில்லை. நாற்காலிக்கு மேலேயே இருந்தது.

3:26. "யாருங்க? அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

கட்டம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது... காது கொடுத்துக் கேட்பதுபோல. பிறகு நேரானது.

பெரிய கட்டத்துக்குள் ஒரு சின்னக் கட்டம் முளைத்தது.

கண் தெரிந்தால்தான் சின்னக் கட்டம் வரும். அதுவரை வரவில்லை. அதுவரை அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

பீப்.

ஃபோகஸ் கிடைத்துவிட்டது என்று கேமரா சொல்கிறது.

நேரே போய் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். ரெக்சின் சூடாக இருந்தது. ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்த சூடு. விளக்கின் சூடு என்று சொல்லிக்கொண்டேன். நான் இன்னும் விளக்கையே போடவில்லை.

அக்காவைக் கூப்பிடலாம். கூப்பிட்டால், "மூட்டையை எடுத்தியா?" என்பாள். நாளைய கேமரா போய்விடும். ஆகவே விஞ்ஞானி செய்வதைச் செய்தேன். மாடல் இல்லாவிட்டால் டைமர் வைத்து நீங்களே உட்காருங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். நான் உட்கார்ந்தால் என் முகத்தில் எண் 2 வரும். 1 போய்விடும். விஷயம் முடிந்தது.

3:41. விளக்குகளைப் போட்டேன். கேமராவின் திரையை நாற்காலி பக்கம் திருப்பினேன். பத்து நொடி டைமர். ஓடிப்போய் உட்கார்ந்தேன்.

பிப்.

என் முகத்தில் ஆரஞ்சுக் கட்டம். எண் 2. ஒன்றைக் காணோம். எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிப்.

என் தலைக்கு மேலே இன்னொரு கட்டம். எண் 1.

எழுந்து நின்றிருந்தது... நான் உட்காருவதற்காக.

பிப்.

எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

பிப்.

ஒன்று குனிந்தது.

பிப். பிப்.

என் கட்டத்தைத் தொட்டது...

பிப் பிப் பிப்...

இரண்டும் ஒரே கட்டம்.

ஃப்ளாஷ்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கேமராவுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். மணி 3:42. திரையை என் பக்கம் திருப்பினேன். நாற்காலி காலி.

அதன் மேல் ஆரஞ்சுக் கட்டம்.

எண் 2.

திரையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, லென்சுக்கு முன்னால் போய் என் முகத்தை நீட்டினேன். வெள்ளைக் கட்டமாவது வரும் என்று பார்த்தேன். எதுவும் வரவில்லை. ஃபோனை எடுத்து முகத்தைக் காட்டினேன். திறக்கவில்லை. மறுபடி காட்டினேன். ஆறு எண்களைக் கேட்டது.

அப்போது படியில் செருப்புச் சத்தம்.

"நாலரைன்னாங்க. நாங்க முன்னாடியே வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே மணப்பெண்ணின் அப்பா உள்ளே வந்தார். வந்தவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஸ்டுடியோக்காரம்மா எங்க? நீ யாரு, பெருக்க வந்த பையனா?"

"தம்பிங்க. நான்தான் எடுக்கறேன்..."

"வெளங்கும். போம்மா, போய் உக்காரு. அரை மணி நேரத்துல கெளம்பணும்."

அந்தப் பெண் புடவையை ஒதுக்கிக்கொண்டு நேராக நாற்காலிக்குப் போனாள். கேமரா போட்டபடி இருந்தது. நான் திரையைப் பார்த்தேன்.

அவள் திரும்பினாள். உட்காரக் குனிந்தாள்.

எண் 2 மேலே எழும்பியது.

எழுந்து இடம் விட்டது.

"உக்காராதீங்க!"

அந்தச் சத்தம் என் தொண்டையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தரையிலிருந்த மூட்டையைத் தூக்கி, அவளை இடித்துத் தள்ளாத குறையாக, நாற்காலியில் போட்டேன். தொப்பென்று விழுந்தது. மர நாற்காலி கிறீச்சிட்டது.

திரையில் கட்டம் இல்லை.

"என்னடா பண்ற? பொண்ணு மேல போட்டிருப்ப! பைத்தியமா உனக்கு? உங்க அக்காவுக்குப் போன் போடறேன் இரு." அவர் கத்திக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் சுவர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

கேமராவை அணைத்தேன். மூட்டையை எடுத்தேன். "இப்ப உக்காருங்கம்மா." தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். கேமராவைப் போட்டேன். முகத்தில் வெள்ளைக் கட்டம், சமர்த்தாக, ஒன்றே ஒன்று. மூச்சு விட்டேன். அறுபத்திரண்டு படங்கள் எடுத்தேன். கடைசிப் படம் எடுத்ததும் கேமராவை அணைத்துவிட்டுத்தான் அவளை எழச் சொன்னேன். எழுந்த கையோடு மூட்டையை வைத்தேன்.

"அந்த மூட்டை எதுக்கு?" என்றார் பெண்ணின் அப்பா.

"லைட் செட் பண்ணத்தாங்க."

6:20க்கு அக்கா வந்தாள். அவர் போனில் பேசியிருக்கிறார், முகத்திலேயே தெரிந்தது. "மூட்டையைத் தூக்கி அடிச்சியாமே? நாளைக்குக் கல்யாணம்டா அந்தப் பொண்ணுக்கு. அறிவிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவரைத் திருப்பிக் கூப்பிடத் தன் ஃபோனை எடுத்தாள். எண்களைத் தட்ட விரலைக் கொண்டுபோனாள்.

விரல் படுவதற்குள் அது திறந்துகொண்டது.

அக்கா அப்படியே நின்றாள். ஃபோனை அணைத்தாள். மறுபடி முகத்துக்கு நேரே பிடித்தாள். திறந்தது. மறுபடி அணைத்தாள். மறுபடி திறந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. அது சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை.

"நாலு வருஷமாச்சுடா" என்றாள்.

பிறகுதான் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த ஃபோன் கீழே இறங்கியது.

"நீ உக்காந்தியா?"

நான் கேமராவை நீட்டினேன். அவள் அதை வாங்கி 3:41க்கு எடுத்த படத்தைத் தேடினாள். பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே அழித்தாள்.

"ஸ்டுடியோ தொறந்த அன்னிக்கு நானும் டைமர் வச்சுத்தான்டா உக்காந்தேன்" என்றாள். "அப்ப வேற நம்பர் காட்டுச்சு. அந்த நம்பர்ல நான் யாரையுமே பதியல."

வேறெதுவும் அவளுக்கும் தெரியாது.

ராத்திரி சாப்பிடும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு வருஷத்தில் அந்த நாற்காலியில் குறைந்தது தொள்ளாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஒரு நாள், ஒரே ஒருவர் உட்காரும்முன் கேமராவை அணைக்காமல் மூட்டையை எடுத்திருந்தால் போதும். அக்கா அன்றைக்கே தப்பித்திருக்கலாம். அவள் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் இரண்டாவது கேமரா என் கைக்கு வந்தது. அக்காவே கொடுத்தாள். மண்டபத்தில் நானூறு பேர், நானூறு வெள்ளைக் கட்டங்கள். படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. பெண்ணின் அப்பாகூட ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டுடியோவை இப்போது காலையில் நான்தான் திறக்கிறேன். ஃபோனுக்கு ஆறு எண்கள் தட்டுகிறேன். அதுதான் வசதி. ஏன் என்று ஒரு வகுப்புத் தோழன் கேட்டான். வாயை மூடிட்டு வேலையைப் பாரு என்றேன். மூட்டையை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. ஒவ்வொருவரும் எழுந்து போனதும் கேமரா அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்கிறேன். பிறகு மூட்டையைத் தூக்கி நாற்காலியில் வைக்கிறேன். இரண்டு கையாலும்... மெதுவாக... யார் மேலும் இடித்துவிடாமல்.